கல் உடைந்தது, வெளியேறியதா? – அதிர்வலைச் சிகிச்சைக்குப் பின் அறிய வேண்டியவை

சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலைச் சிகிச்சை முடிந்து நோயாளி அறைக்குத் திரும்பியவுடன், உடன் வந்திருப்போர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, "டாக்டர், கல் உடைந்துவிட்டதா?" என்பதே. பெரும்பாலும் "உடைந்துவிட்டது" என்று எங்களால் மகிழ்வுடன் கூற முடிகிறது. ஆனால், அதையடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "உடைந்த துண்டுகள் வெளியேறிவிட்டனவா?" என்பதே அது. இதற்கு அன்றே விடை கூற இயலாது. விடை தெரியச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

கல்லை உடைப்பது இயந்திரத்தின் பணி. அது ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. துண்டுகளை வெளியேற்றுவது உடலின் பணி. கல்லின் தன்மை, அது இருக்கும் இடம், உடலமைப்பு, சிகிச்சை செய்யும் முறை, வீட்டில் மேற்கொள்ளும் கவனிப்பு ஆகியவை அனைத்தும் சேர்ந்தே அந்தப் பணியின் வெற்றியை முடிவு செய்கின்றன. வலி நின்றதும் கல்லும் போய்விட்டது என்று கருதி, மறு பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவோர் பலர். இக்கட்டுரையை நாங்கள் எழுதுவது முதன்மையாக அவர்களுக்காகவே.

சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது?

உடலைத் திறக்காமல், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை உடைக்கும் இம்முறை, 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. மருத்துவர் கிறிஸ்டியன் சௌசியும் அவருடைய குழுவினரும் அதனைச் செய்தனர். இயந்திரத்தை உருவாக்கியது டோர்னியர் என்னும் விமான நிறுவனம். அக்காலத்தில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் அமர்த்தியே சிகிச்சை அளித்தனர். இன்று மேசையில் படுக்க வைத்து, தோலின் மீது ஜெல் தடவி, அதன்மேல் இயந்திரத்தின் தலைப்பகுதியைப் பொருத்துகிறோம்.

இயந்திரத்திலிருந்து புறப்படும் அலைகள் உடலின் மென்மையான திசுக்களைப் பெரிய பாதிப்பின்றிக் கடந்து, ஒரு புள்ளியில் குவிகின்றன. அந்தப் புள்ளியில் கல் இருக்குமாறு எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டு ஸ்கேன் உதவியுடன் சரிசெய்கிறோம். ஒரு முறை சிகிச்சையில் 2,000 முதல் 3,000 அதிர்வுகள் வரை கொடுக்கப்படுவது வழக்கம். மீண்டும் மீண்டும் தாக்கும் இவ்வதிர்வுகளால் கல்லில் கீறல்கள் விழுந்து, அது துண்டுகளாகவும் மணலாகவும் நொறுங்குகிறது.

துண்டுகள் செல்லும் பாதை

சிறுநீரகத்தின் உட்புறத்தில் சிறு கிண்ணங்களைப் போன்ற பல அறைகள் உள்ளன. அவற்றில் ஊறும் சிறுநீர் நடு அறையில் சேர்ந்து, அங்கிருந்து சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை அடைகிறது. பெரியவர்களுக்கு இக்குழாயின் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ.; உள்விட்டம் சில மில்லிமீட்டர் மட்டுமே. அதிலும் மூன்று இடங்கள் இயல்பாகவே குறுகியவை. குழாய் தொடங்கும் இடம் ஒன்று. இடுப்பெலும்பருகே பெரிய இரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம் மற்றொன்று. சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் மூன்றாவது. வெளியேறும் துண்டுகள் பெரும்பாலும் சிக்குவது இவ்விடங்களில்தான். 4 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகள் பெரும்பாலும் தாமே இறங்கிவிடும். அதைவிடப் பெரியவை இறங்கும் வாய்ப்பு அளவுக்கேற்பக் குறைந்துகொண்டே போகும்.

கல்லைச் சார்ந்த காரணங்கள்

முதலாவது, அளவு. 10 மி.மீ.க்கு உட்பட்ட கற்களுக்கு இச்சிகிச்சை நல்ல பலன் தருகிறது. 10 முதல் 20 மி.மீ. வரையிலான கற்களில், இடமும் கடினத்தன்மையும் சாதகமாக இருந்தால் இதனைப் பரிந்துரைக்கிறோம். 20 மி.மீ.ஐ விடப் பெரிய கல் உடைந்தாலும், அது தரும் துண்டுகளின் அளவும் எண்ணிக்கையும் மிகுதி. அவை அனைத்தும் ஒரு குறுகிய குழாய் வழியே இறங்க வேண்டும். ஆகவே அத்தகைய கற்களுக்கு முதுகில் சிறு துளையிட்டு நேரடியாக எடுக்கும் முறையே பெரும்பாலும் ஏற்றது. ஒரே சிறுநீரகத்தில் பல கற்கள் இருந்தாலும் முழுமையாக வெளியேறும் வாய்ப்பு குறைகிறது.

இரண்டாவது, கடினத்தன்மை. எல்லாக் கற்களும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. யூரிக் அமிலக் கற்களும் கிருமித்தொற்றினால் உண்டாகும் கற்களும் எளிதில் உடைபவை. கால்சியம் ஆக்ஸலேட் கற்களுள் ஒரு வகை எளிதில் உடையும். மற்றொரு வகை கடினமானது. சிஸ்டின் கற்களும் புருஷைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் கற்களும் அதிர்வலைக்கு எளிதில் இணங்குவதில்லை; உடைந்தாலும் பெரிய துண்டுகளாகவே உடையும்.

சிகிச்சைக்கு முன்பு சி.டி. ஸ்கேன் எடுக்குமாறு கூறும்போது, "ஸ்கேனில் கல் இருப்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, மீண்டும் எதற்கு?" என்று சிலர் தயங்குகின்றனர். கல்லின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் அலகில் அளந்து சொல்வது சி.டி. ஸ்கேன்தான். இவ்வளவு 1,000 அலகுகளுக்கு மேல் இருந்தால் கல் கடினமானது என்றும், நன்கு நொறுங்கும் வாய்ப்பு குறைவு என்றும் கொள்கிறோம். பலன் தராத சிகிச்சையைத் தவிர்க்க இந்த ஓர் எண் பெரிதும் உதவுகிறது.

கல் இருக்கும் இடம்

நோயாளிகளுக்கு மிகுந்த ஏமாற்றத்தைத் தருவது இக்காரணமே. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இருவருக்கு 9 மி.மீ. அளவில், ஒரே அடர்த்தியுடைய கல் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்குச் சிறுநீரகத்தின் நடு அறையிலும், மற்றவருக்குக் கீழ்க்கோடியில் உள்ள கிண்ண அறையிலும் கல் உள்ளது. இருவருக்கும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இருவர் கல்லும் நன்றாகவே உடைகிறது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், முதலாமவருக்குத் துண்டுகள் போய்விட்டிருக்கும். இரண்டாமவருக்குத் துண்டுகள் அதே அறையில் தங்கியிருக்கக்கூடும். "அவருக்குப் போய்விட்டது, எனக்கு மட்டும் ஏன் போகவில்லை?" என்று அவர் வருந்துவது இயல்பே. இதில் இயந்திரத்தின் குறையும் இல்லை. அவர் தண்ணீர் குடிக்கத் தவறினார் என்று குறை கூறவும் இடமில்லை.

குழாய் பொருத்திய தண்ணீர்ப் பானையை நினைத்துப் பாருங்கள். குழாயைத் திறந்தால் அதற்கு மேலே உள்ள தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும். குழாய்க்குக் கீழே படிந்த வண்டல் மட்டும் அடியிலேயே தங்கும். சிறுநீரகத்தின் கீழ் அறையும் இத்தகையதே. நாம் நிற்கும்போதும் அமரும்போதும் அதன் வாய் மேல்நோக்கியே இருக்கிறது. ஆகவே அங்குள்ள துண்டுகள் புவியீர்ப்பை எதிர்த்து மேலேறி நடு அறைக்கு வர வேண்டும். கீழ் அறையின் கழுத்து நீண்டதாகவோ, குறுகியதாகவோ, கூரிய கோணத்தில் வளைந்ததாகவோ இருந்தால் தடை மேலும் கூடும்.

கீழ் அறைக் கற்களைப் பற்றிப் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. மூன்று மாதங்களுக்குப் பின் கல் முற்றிலும் நீங்கியோர், அதிர்வலைச் சிகிச்சை பெற்றவர்களில் 37 விழுக்காடு. துளையிட்டு எடுக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 95 விழுக்காடு. கல் சிறியதாக இருந்தபோது இந்த வேறுபாடு குறைவாகவும், 10 மி.மீ.ஐத் தாண்டியபோது மிகுதியாகவும் இருந்தது. இதனாற்றான் கீழ் அறையில் பெரிய கல் உள்ளவர்களுக்கு, மயக்க மருந்தோ மருத்துவமனையில் தங்குவதோ தேவைப்பட்டாலும், லேசர் அல்லது துளைவழிச் சிகிச்சையை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

உடலமைப்பும் சிறுநீரகத்தின் நிலையும்

தோலுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட தொலைவு 10 செ.மீ.ஐ விட மிகுந்தால், அலைகளின் வலிமை கல்லைச் சென்றடைவதற்குள் குறைந்துவிடுகிறது. பருத்த உடலினருக்குப் பலன் சற்றுக் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. மாறாக, குழந்தைகளின் சிறுநீர்க்குழாய் நன்கு விரிந்து கொடுப்பதால், துண்டுகள் பெரியவர்களைவிட அவர்களுக்கு எளிதில் இறங்குகின்றன.

கல்லுக்குக் கீழே சிறுநீர்ப் பாதையில் வேறு அடைப்போ சுருக்கமோ இருந்தால், முதலில் அதனைச் சரிசெய்ய வேண்டும். வாசல் பூட்டியிருக்கும் வீட்டிலிருந்து பொருளை வெளியேற்ற முடியாதன்றோ! பிறவியிலேயே இரு சிறுநீரகங்களும் கீழ்ப்புறம் இணைந்து குதிரை லாட வடிவில் அமைந்தவர்களுக்கும் சிறுநீர் வடிவது மந்தமாகவே இருக்கும்.

சிகிச்சை செய்யும் முறை

அதிர்வுகளை வேகமாகக் கொடுத்தால் சிகிச்சை விரைவில் முடியும். ஆனால் கல் நன்றாக நொறுங்காது. நிமிடத்திற்கு 120 அதிர்வுகள் கொடுப்பதைவிட 60 முதல் 90 வரை கொடுப்பதே கல்லை நுண்ணிய துண்டுகளாக்குகிறது. வலிமையையும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுகிறோம். இது சிறுநீரகத்தையும் காக்கிறது. "இவ்வளவு நேரம் ஆகிறதே" என்று உறவினர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த நேரம் பயனுள்ள நேரம்.

தோலுக்கும் இயந்திரத்திற்கும் இடையே காற்றுக்குமிழ்கள் இருந்தால் அலைகள் தடைபடும். எனவே ஜெல்லைத் தாராளமாகத் தடவுகிறோம். மூச்சு விடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் நகர்கிறது. வலியால் நோயாளி அசைந்தாலோ ஆழ்ந்து மூச்சிழுத்தாலோ கல் குறியிலிருந்து விலகிவிடும். வலியைப் பொறுத்துக்கொள்வதே நல்லது என்று எண்ண வேண்டாம். வலி இருந்தால் உடனே கூறுங்கள். வலிநீக்கி மருந்தைக் கூட்டுவதால் சிகிச்சையின் பலனும் கூடும்.

கருவுற்றிருப்போர், இரத்தம் உறைதலில் குறைபாடு உடையோர், குணமாகாத சிறுநீர்க் கிருமித்தொற்று உடையோர் ஆகியோருக்கு இச்சிகிச்சை செய்வதில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். இதயத்திற்காகத் தரப்பட்ட இம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது.

ஸ்டென்ட் பற்றிய ஒரு விளக்கம்

சிலருக்குச் சிறுநீர்க்குழாயில் டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைக்கிறோம். "இதனை வைத்தால் கல் விரைவில் இறங்கிவிடும்" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. துண்டுகள் முழுமையாக வெளியேறும் வாய்ப்பை ஸ்டென்ட் கூட்டுவதில்லை. பெரிய கல் உடையும்போது அடைப்பு ஏற்படாமல் சிறுநீர் வடிவதற்கே அது பயன்படுகிறது.

வைக்கப்பட்ட ஸ்டென்டை, குறித்த நாளில் கட்டாயம் அகற்ற வேண்டும். தொந்தரவு இல்லை என்று அதனை மறந்துவிட்டால், மாதங்கள் செல்லச்செல்ல அதன்மீதே கல் படியும். ஒரு கல்லுக்காக வைத்த குழாயே புதிய கல்லுக்கு இடமாகி, அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலை வரலாம். அகற்ற வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குடும்பத்தில் மற்றொருவரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். பெரும்பாலோருக்கு இது மூன்று லிட்டர் தண்ணீராக அமையும். கோடையிலும் வெயிலில் உழைப்போருக்கும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஒரே ஒரு நாள் அளவுக் குவளையில் சிறுநீரை அளந்து பார்த்தால் உங்கள் நிலை தெரிந்துவிடும். கழிப்பறை வசதி இல்லையென்று பணியிடத்திலும் பயணத்திலும் தண்ணீரைத் தவிர்ப்போர், குறிப்பாகப் பெண்கள், இச்சில வாரங்களிலாவது அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள், எங்களைக் கேட்காமல் தண்ணீரின் அளவைக் கூட்டக் கூடாது. கடும் வலி வரும் வேளையில் மிகுதியாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளப்பட்டுவிடும் என்பதும் சரியன்று. அவ்வேளையில் தேவை வலிநீக்கி மருந்தே.

படுக்கையிலேயே இருக்க வேண்டியதில்லை. வழக்கம்போல் நடமாடுவது நல்லது. கீழ் அறையில் துண்டுகள் தங்கியவர்களுக்கு, தண்ணீர் அருந்தச் செய்து, தலைப்பகுதியைத் தாழ்த்திப் படுக்க வைத்து, விலாப்புறத்தில் மென்மையாகத் தட்டும் பயிற்சி சில வேளைகளில் பயனளிக்கிறது. இதனை மருத்துவர் மேற்பார்வையிலன்றி வீட்டில் முயல வேண்டாம்.

டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர்க்குழாயின் தசைகளைத் தளர்த்தித் துண்டுகள் இறங்க உதவுகின்றன. இவற்றால் சிலருக்கு இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம். இரவில் உட்கொண்டு, படுக்கையிலிருந்து மெதுவாக எழுவது நல்லது.

வாழைத்தண்டுச் சாறு அருந்தலாமா என்று கேட்போர் பலர். சிறுநீரகம் நன்றாக இயங்குவோர் அளவோடு அருந்துவதில் தடையில்லை. அதில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் தவிர்க்க வேண்டும். எவராயினும், மாத்திரைக்கும் மறு பரிசோதனைக்கும் மாற்றாக அதனைக் கொள்ளலாகாது.

சிறுநீரை ஒரு வடிகட்டியில் கழித்து, அதில் தங்கும் துண்டுகளை உலர்த்திச் சிறு டப்பாவில் எடுத்து வாருங்கள். கல் எப்பொருளால் ஆனது என்பதைப் பகுப்பாய்வில் அறிந்தால், அது மீண்டும் வராமல் தடுக்கும் வழியையும் கூற முடியும்.

உடனே வர வேண்டிய நிலைகள்

முதல் ஓரிரு நாட்கள் சிறுநீர் சிவந்து காணப்படுவதும், இடுப்பில் இலேசான வலி இருப்பதும் எதிர்பார்க்கத்தக்கவையே. சில வேளைகளில் துண்டுகள் சிறுநீர்க்குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அடைத்து நிற்கும். ஜெர்மானியர் இதனைக் "கல் தெரு" எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். இன்றும் மருத்துவ உலகில் அப்பெயரே வழங்குகிறது. பெரிய கல்லை உடைத்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி. பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்:

• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
• மாத்திரைக்கும் அடங்காத வலி, தொடர்ந்த வாந்தி
• சிறுநீர் வராமை, அல்லது அளவு மிகவும் குறைதல்
• சிறுநீரில் இரத்தக் கட்டிகள்
• மயக்கம், அல்லது இடுப்பில் கூடிக்கொண்டே போகும் வீக்கம்

இவற்றுள் குளிர் காய்ச்சல் மிகவும் அஞ்சத்தக்கது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று சேர்ந்தால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். "காலையில் போகலாம்" என்று காத்திருக்க வேண்டாம்.

வலி இல்லாதபோதும் வர வேண்டியது ஏன்?

வலி என்பது பெரும்பாலும் திடீர் அடைப்பினால் உண்டாவது. அடைப்பு மெதுவாக ஏற்பட்டாலும், பகுதியளவே இருந்தாலும் வலி இல்லாமலே போகலாம். வாரக்கணக்கில் அடைப்பு நீடித்தால், அந்தச் சிறுநீரகம் தன் செயல்திறனை நிலையாக இழக்கக்கூடும். மற்றொரு சிறுநீரகம் நன்றாக இயங்குவதால் சிறுநீர் வழக்கம்போல் வரும். உடலிலும் மாற்றம் தெரியாது. இழப்பு நேர்ந்ததே தெரியாமல், வேறொரு காரணத்திற்காக ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீரகம் சுருங்கியிருப்பதைக் காண்பது உண்டு.

அடைப்பின்றித் தங்கிய நுண்துண்டுகளும் கவனத்திற்குரியவையே. 4 மி.மீ.க்கு உட்பட்ட, தொந்தரவு தராத துண்டுகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. நீண்ட காலம் தொடர்ந்து கண்காணித்தபோது, அவற்றுள் ஒரு பகுதி வளர்வதும், வலியைத் தருவதும், மறு சிகிச்சையை வேண்டுவதும் தெரியவந்தது. ஒவ்வொரு துண்டும் அடுத்த கல்லுக்கு விதையாகலாம். தொற்றினால் உண்டான கல்லாயின், தங்கிய துண்டினுள் கிருமிகளும் ஒளிந்திருக்கும்.

ஆகவே, சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரங்கள் கழித்தும், பின்னர் மூன்றாம் மாத முடிவிலும் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கிறோம். யூரிக் அமிலக் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியா. அவற்றுக்கு ஸ்கேன் வேண்டும். இரண்டு முறை அதிர்வலை கொடுத்தும் கல் உடையாவிட்டால், அதே சிகிச்சையைத் தொடர்வதைவிட லேசர் போன்ற வேறு முறைக்கு மாறுவதே அறிவுடைமை. அது தோல்வி ஆகாது. அந்தக் கல்லுக்கு உரிய வழியைக் கண்டறிவதே ஆகும்.

எங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த முறை வரும்போது இவ்வைந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்:

1. என் கல்லின் அளவு என்ன? சிறுநீரகத்தின் எப்பகுதியில் உள்ளது?
2. அதன் அடர்த்தி 1,000 அலகுகளுக்கு மேலா, கீழா?
3. இச்சிகிச்சையில் கல் முழுமையாக நீங்கும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு? மாற்று வழிகள் யாவை?
4. எனக்கு ஸ்டென்ட் வைத்துள்ளீர்களா? அகற்ற வேண்டிய நாள் எது?
5. அடுத்த பரிசோதனை எப்போது? எந்தப் படம் எடுக்க வேண்டும்?

இவற்றுக்கு விடையளிப்பது எங்கள் கடமை; கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சை முடிந்த அன்று நாங்கள் "உடைந்துவிட்டது" என்று கூறும்போது பணியில் பாதியே முடிந்திருக்கிறது. மூன்றாம் மாதப் படத்தைப் பார்த்து "முற்றிலும் நீங்கிவிட்டது" என்று கூறும் நாளில்தான் அது நிறைவுபெறுகிறது. அந்நாளில் வலி இல்லாவிட்டாலும் தவறாமல் வாருங்கள்.